நூறு டிகிரி... எந்த நூறு?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களுக்குக் கிரிக்கெட் பாஷை வந்துவிடும். 'வேலூரில் வெயில் சதம்', 'பத்து ஊர்களில் சதமடித்த வெயில்' என்று தலைப்புகள் வரும். அந்த நூறு ஃபாரன்ஹீட் நூறு. செல்சியஸில் அது வெறும் 37.8. அதை வைத்து யாரும் தலைப்புப் போட முடியாது!

வீட்டுக்குள் வந்தாலும் இதே கதைதான். குழந்தைக்கு உடம்பு சுட்டால் 'நூத்தியொண்ணு இருக்கு' என்பார் அம்மா. அது ஃபாரன்ஹீட். அதே அறையில் ஏசி ரிமோட்டில் 24 என்று இருக்கும். அது செல்சியஸ். ஒரே வீட்டில், ஒரே அறையில், இரண்டு அளவுகள். யாருக்கும் குழப்பம் வருவதில்லை. காய்ச்சல் 101 என்றால் கொதிக்கும் நீரைவிடச் சூடு என்று யாரும் அலறுவதுமில்லை.

குழப்பம் வந்தால் இருக்கவே இருக்கிறது பள்ளிக்கூடச் சூத்திரம். செல்சியஸை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32-ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட். அரை நிமிடக் கணக்கு. ஆனால் இந்த அரை நிமிடக் கணக்கைப் போடும் நிலைக்கு வந்து சேர மனிதனுக்கு ஏறத்தாழ இருநூறு வருடங்கள் பிடித்தன. ஏனென்றால் எண்ணை மாற்றுவது சுலபம். 'நீ அளந்த சூடும் நான் அளந்த சூடும் ஒன்றுதான்' என்று நிரூபிப்பதுதான் கஷ்டம்.

எண்ணே இல்லாத காலம்

1590-களில் இத்தாலியில் கலீலியோ ஒரு கருவி செய்தார். மேலே கண்ணாடிக் குமிழ், கீழே நீண்ட குழாய், குழாயின் நுனி தண்ணீருக்குள். குமிழில் உள்ள காற்று சூடானால் விரிந்து நீரைக் கீழே தள்ளும். குளிர்ந்தால் நீர் மேலே ஏறும். சூடு கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும், அவ்வளவுதான். 'எவ்வளவு' என்று சொல்லாது. பிறகு சான்டோரியோ என்ற இத்தாலிய மருத்துவர் இதில் அளவுகோடு சேர்த்து, நோயாளியின் உடல்சூட்டைப் பார்க்கப் பயன்படுத்தினார்.

இந்தக் கருவியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதன் அடிப்பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தது. வெளிக்காற்றின் அழுத்தம் மாறினாலும் நீர்மட்டம் மாறும். காற்றுக்கு அழுத்தம் உண்டு என்பதே 1643-இல் டாரிசெல்லி செய்த பாதரசச் சோதனைக்குப் பிறகுதான் தெளிவானது. அதுவரை சூடு என்று நினைத்து அளந்ததில் பாதி அழுத்தம்!

இதற்குத் தீர்வு கண்டவர் ஒரு ராஜா. டஸ்கனியின் கோமகன் இரண்டாம் ஃபெர்டினான்டோ. மெதிசி குடும்பத்துக்காரர், அறிவியல் பைத்தியம். குழாயில் ஆல்கஹாலை ஊற்றி, வாயை உருக்கி அடைத்துவிட்டார்கள். இனி வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே நுழைய முடியாது. அவருடைய ஃபுளோரன்ஸ் அரண்மனையின் கண்ணாடிக் கலைஞர்கள் குழாயின் மேல் கடுகு போலச் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளை ஒட்டி டிகிரிகளைக் குறித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு மணி, பத்துக்கு ஒரு வெள்ளை மணி. மொத்தம் ஐம்பது டிகிரி.

கோமகன் அதோடு நிற்கவில்லை. 1654-இலிருந்து இந்தக் கருவிகளைப் பல ஊர்களுக்கு அனுப்பி, தினமும் பலமுறை பார்த்துக் குறிக்கச் சொன்னார். ஃபுளோரன்ஸ், பொலோனியா, மிலான், இன்ஸ்புரூக், பாரிஸ், வார்சா... உலகின் முதல் பன்னாட்டு வானிலைக் கண்காணிப்பு இதுதான். பெரும்பாலும் துறவிகள்தான் அளந்து எழுதினார்கள். மணியடித்தால் எழுந்து வேலை பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத்தானே உண்டு!

ஆனால் அந்த ஐம்பது டிகிரி எதை வைத்து? பனிக்கட்டியை வைத்தா, கொதிநீரை வைத்தா? எதையும் வைத்து அல்ல. ஒரே பட்டறையில், ஒரே கைத்திறனில், ஒன்றைப் பார்த்து ஒன்றாகச் செய்தார்கள். அதனால் எல்லாக் கருவிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி காட்டின. அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால்? கருவிகள் தொலைந்துவிட்டால்? அப்போது '40 டிகிரி' என்று எழுதிய நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதுதான் நடந்தது. 1667-இல் கோமகனின் அறிவியல் கழகம் முடிவுக்கு வந்தது. துறவிகளின் ஏடுகள் மிஞ்சின. கருவிகள் கண்ணில் படாமல் போயின. எண்கள் இருந்தன, அவற்றுக்கு அர்த்தம் சொல்ல ஆளில்லை. இந்தக் கதையின் மீதியைக் கடைசியில் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை வேலையிலிருந்து ஓடிய பையன்

அடுத்த கட்டம் டான்சிக் நகரில் பிறந்த ஒரு வியாபாரி மகனுடையது. இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. டேனியல் காப்ரியேல் ஃபாரன்ஹீட், பிறந்தது 1686. 1701-இல் ஒரே நாளில் தாயும் தந்தையும் இறந்துபோனார்கள். விஷக் காளான் சாப்பிட்டதால் என்று சொல்லப்படுகிறது. பதினைந்து வயதுப் பையனைக் காப்பாளர்கள் வியாபாரமும் கணக்கும் கற்றுக்கொள்ள ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள்.

பையனுக்குப் பேரேட்டில் மனம் ஒட்டவில்லை. கண்ணாடிக் குழாய்களிலும் பாதரசத்திலும்தான் ஆசை. வேலையை விட்டு ஓடினான். காப்பாளர்கள் கோபத்தில் அவனைப் பிடித்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஏற்றி அனுப்ப ஆணையே வாங்கிவிட்டார்கள். அவனோ ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். 1708-இல் கோபன்ஹேகன் போய் ஓலே ரோமரைப் பார்த்தான். ஒளிக்கும் வேகம் உண்டு என்று முதலில் காட்டிய அதே ரோமர்.

ரோமர் அப்போது வெப்பமானிகளுக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தார். உருகும் பனிக்கட்டியில் ஒரு கோடு, கதகதப்பான இன்னொரு நிலையில் ஒரு கோடு என்று இயற்கையிலேயே இரண்டு புள்ளிகளைப் பிடித்து, இடையில் சமமாகப் பிரிப்பது அவர் முறை. அவர் கணக்கில் பனிக்கட்டி ஏழரை, உடல்சூடு இருபத்திரண்டரை. ஃபாரன்ஹீட்டுக்கு இந்த அரை டிகிரிகள் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினார். 30, 90 என்று வந்தது. பிறகு அதையும் சற்று மாற்றி 32, 96 என்று வைத்துக்கொண்டார். இரண்டுக்கும் இடையே 64. ஆறு முறை பாதி பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு டிகிரியும் வந்துவிடும். கருவி செய்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பனிக்கட்டி, நீர், உப்பு கலந்த கலவையின் குளிர் அவருடைய பூஜ்யம்.

ஃபாரன்ஹீட்டின் நிஜமான சாதனை இந்த எண்கள் அல்ல. 1714-இல் அவர் ஹாலே நகரப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபிடம் இரண்டு ஆல்கஹால் வெப்பமானிகளைக் கொடுத்தார். வோல்ஃப் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. இன்று இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அன்று அது அச்சில் ஏறும் செய்தி. 'ஆக்டா எருடிடோரம்' என்ற அறிஞர் இதழில் வோல்ஃப் அதைப் பற்றி எழுதினார். இரண்டு கருவிகள் ஒத்துப்போவதே செய்தி என்றால், மற்றக் கருவிகளின் லட்சணம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னர் அவர் பாதரசத்துக்கு மாறினார். 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1736-இல் இறந்தார். அவருக்குப் பிறகுதான் கொதிநீர் 212 என்பது ஆதாரப் புள்ளியாக ஆக்கப்பட்டது. அந்த மாற்றத்தில் உடல்சூடு 96-இலிருந்து நகர்ந்து 98-க்கு மேல் போய்விட்டது. யாருடைய உடம்பும் சூடேறவில்லை, அளவுகோல்தான் நகர்ந்தது!

தலைகீழாகப் பிறந்த செல்சியஸ்

ஃபாரன்ஹீட் வழிகாட்டியதும் ஆளாளுக்கு அளவுகோல் செய்ய ஆரம்பித்தார்கள். பிரான்சில் ரெயோமூர் 1730-இல் ஒன்று கொண்டுவந்தார். பனிக்கட்டிக்குப் பூஜ்யம், மேலே 80. ரஷ்யாவில் தெலீல் 1730-களில் ஒன்று செய்தார். அதில் கொதிநீர் பூஜ்யம், குளிரக் குளிர எண் கூடும், பனிக்கட்டி 150. ரஷ்யர்கள் அதை வெகுகாலம் பயன்படுத்தினார்கள்.

சுவீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் என்ற வானியல் பேராசிரியர் 1742-இல் தன் அளவுகோலை முன்வைத்தார். நூறு பகுதிகள். ஆனால் இன்று நாம் படிப்பதற்கு நேர்மாறு: கொதிநீர் 0, பனிக்கட்டி 100. 1744-இல் காசநோயால் அவர் இறந்தார், வயது 42 தான். அவர் மறைந்து சில வருடங்களுக்குள் உப்சாலாவில் அளவுகோல் திருப்பி வைக்கப்பட்டது. திருப்பியவர் யார் என்பதில் லின்னேயஸ் உட்படப் பல பெயர்கள் அடிபடுகின்றன. பிரான்சின் லியோனில் கிறிஸ்டின் என்பவர் 1743-லேயே பனிக்கட்டி 0, கொதிநீர் 100 என்று ஒன்றைச் செய்திருந்தார்.

எண்ணைத் திருப்பியதைவிட முக்கியமானது செல்சியஸ் செய்த சோதனை. பனிக்கட்டி உருகும் புள்ளி ஊருக்கு ஊர் மாறுமா? கவனமாகச் சோதித்து, மாறாது என்றார். நீர் கொதிக்கும் புள்ளியோ காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும். இதை ஃபாரன்ஹீட்டும் கவனித்திருந்தார். ஊட்டியில் அரிசி வேக ஏன் நேரமாகிறது என்று கேட்டால் இதுதான் பதில். ஆக 'கொதிநீர் 100' என்றால் போதாது, 'இந்த அழுத்தத்தில்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிலும் சண்டை ஓயவில்லை. பாத்திரத்தைப் பொறுத்துக்கூடக் கொதிநிலை சற்று மாறியது. 1776-இல் ஹென்றி கேவென்டிஷ் தலைமையில் ராயல் சொசைட்டி ஒரு குழுவே போட்டது. வெப்பமானியை நீருக்குள் விடாதீர்கள், நீராவியில் வையுங்கள் என்றது குழு.

50-உம் 44-உம் 26-உம்

இரண்டு புள்ளிகளும் உறுதியாகிவிட்டன. இனி எல்லாம் வெறும் பெருக்கல், கூட்டல்தானே? அதுதான் இல்லை.

ஒரு பாதரச வெப்பமானி, ஒரு ஆல்கஹால் வெப்பமானி, ஒரு நீர் வெப்பமானி என்று மூன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் பனிக்கட்டிக்கு 0, கொதிநீருக்கு 100 என்று குறித்து, இடையில் சரியாக நூறு பாகம் பிரித்தாயிற்று. இப்போது மூன்றையும் ஒரே வெதுவெதுப்பான தொட்டியில் வைக்கிறோம். பாதரசம் 50 காட்டும்போது ஆல்கஹால் 44 காட்டும், நீர் வெறும் 26 காட்டும்! பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாடநூலிலேயே இந்த ஒப்பீடு அட்டவணையாக இருந்தது.

காரணம் எளிது. எல்லாத் திரவமும் ஒரே சீராக விரிவதில்லை. நீர் இதில் மகா மோசம். 0-இலிருந்து 4 டிகிரி வரை அது விரிவதற்குப் பதிலாகச் சுருங்குகிறது. ஆகவே 'ரெயோமூர் 40 டிகிரி' என்று ஒரு பழைய ஏட்டில் இருந்தால், உள்ளே இருந்தது ஆல்கஹாலா பாதரசமா என்று தெரியாமல் அதை மாற்றவே முடியாது. பெயர் ஒன்று, சூடு வேறு.

பாதரசத்தை நம்பலாமா? அதற்கும் சைபீரியா ஒரு பாடம் சொன்னது. 1735 ஜனவரியில் யெனிசெய்ஸ்க் என்ற ஊரில் க்மேலின் என்ற அறிஞர் பாதரச வெப்பமானியைப் பார்த்தார். ஃபாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 120 என்று காட்டியது. செல்சியஸில் மைனஸ் 84. ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. உண்மையில் என்ன நடந்தது? பாதரசம் உறைந்துவிட்டது! உறையும்போது அது சட்டென்று சுருங்கிக் குழாயில் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தையும் குளிர் என்று வாசித்துவிட்டார்கள். பாதரசம் உறையும் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1759 டிசம்பரில்தான் பீட்டர்ஸ்பர்க்கில் பிரவுன் என்பவர் அதை உறையவைத்துக் காட்டினார்.

எந்தச் சூட்டில் உறைகிறது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் இருபது வருடம் ஆனது. பாதரசம் உறையும் புள்ளியைப் பாதரசத்தையே வைத்து எப்படி அளப்பது? கேவென்டிஷ் ஒரு யோசனை சொன்னார். ஒரு கிண்ணத்தில் பாதரசம் பாதி உறைந்தும் பாதி திரவமாகவும் இருக்கும்போது அதற்குள் வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் இருந்த ஹட்சின்ஸ் 1781-82 குளிர்காலத்தில் அதைச் செய்து பார்த்தார். விடை ஏறக்குறைய மைனஸ் 39 ஃபாரன்ஹீட். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைனஸ் 40-இல் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணாகிவிடும். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டு அளவுகளும் கைகுலுக்கும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பாதரசம் உறைந்துபோகிறது!

பூஜ்யம் எங்கே இருக்கிறது?

எந்தத் திரவத்தையும் நம்பாத அளவுகோல் வேண்டும் என்று ஒரு இளைஞர் யோசித்தார். பெயர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1848-இல், தன் 24-ஆம் வயதில், வெப்ப இயந்திரக் கோட்பாட்டை வைத்து ஒரு தனித்த வெப்ப அளவுகோலை முன்வைத்தார். அதற்கு மூன்று வருடம் முன்பு பாரிஸில் ரெனோ என்பவரின் ஆய்வகத்தில் வேலை பார்த்திருந்தார். ரெனோ வெப்பமானிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர்.

கெல்வினுக்கு முன்பிருந்த அளவுகோல்களின் பூஜ்யம் எல்லாம் மனிதன் வசதிக்கு வைத்தது. அதனால் வரும் தவறு இன்றும் தினமும் நடக்கிறது. '20 டிகிரி இருந்தது 40 ஆனது, சூடு இரண்டு மடங்கு' என்பார்கள். அதையே ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 68 டிகிரி 104 ஆனது. இரண்டு மடங்கு எங்கே போனது? கெல்வினில் சொன்னால் 293, 313 ஆனது. ஏழு சதவீதம்கூட இல்லை. மனிதர்கள் வைத்த பூஜ்யத்திலிருந்து மடங்கு கணக்குப் போடக் கூடாது. ஒரு கடையின் லாபத்தை எங்கிருந்தோ எடுத்த எண்ணிலிருந்து கணக்குப் பார்ப்பதைப் போன்றது அது.

இதன் தம்பி போல இன்னொரு தவறு. 2015 பாரிஸ் ஒப்பந்தம் பூமியின் வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்த முயல வேண்டும் என்கிறது. இதை ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 2.7. சூத்திரத்தை அப்படியே போட்டால் 34.7 வரும்! ஏன்? உயர்வு என்பது வித்தியாசம். வித்தியாசத்தை மாற்றும்போது 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் போதும், 32-ஐக் கூட்டக் கூடாது. 32 என்பது பூஜ்யத்தை நகர்த்துவதற்கு மட்டும்.

மூன்றாவது தவறு ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. சாதாரண உடல்சூடு 98.6 என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் வுண்டர்லிக் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல்சூட்டை லட்சக்கணக்கான முறை அளந்து, 1868-இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் சொன்னது 37 டிகிரி செல்சியஸ், முழு எண். அதைச் சூத்திரத்தில் போட்டால் 98.6. முழு எண்ணில் ஒரு 'சுமார்' ஒளிந்திருந்தது. மாற்றியதும் அந்தச் 'சுமார்' காணாமல் போய்ப் புள்ளி சுத்தமான துல்லியம் வந்து ஒட்டிக்கொண்டது. 1992-இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமான பெரியவர்களை அளந்தபோது சராசரி 98.2 தான் வந்தது. வுண்டர்லிக் உபயோகித்ததாகச் சொல்லப்படும் ஒரு வெப்பமானியைச் சோதித்தபோது அது ஒன்றரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதலாகவே காட்டியது. 98.4-இல் இருக்கும் குழந்தைக்கும் 98.8-இல் இருக்கும் குழந்தைக்கும் இடையே கோடு போட்டுக் கவலைப்படுவதற்குக் காரணம் ஒரு மொழிபெயர்ப்பு!

பெட்டிக்குள் இருந்த விடை

இனி ஃபுளோரன்ஸுக்குத் திரும்பலாம். துறவிகளின் ஏடுகள் அர்த்தமில்லாமல் கிடந்து நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன. 1829-இல் ஃபுளோரன்ஸில் அன்டினோரி என்பவர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய கண்ணாடிக் குழாய்கள், மேலே கடுகு போலக் கறுப்பு வெள்ளை மணிகள். கோமகனின் ஐம்பது டிகிரி வெப்பமானிகள்!

கூலியெல்மோ லிப்ரி என்ற கணித அறிஞர் அவற்றை அப்போது வழக்கிலிருந்த ரெயோமூர் வெப்பமானியோடு சேர்த்து வைத்து அளந்தார். பழைய 50 என்பது ரெயோமூரில் 44, அதாவது 55 செல்சியஸ். பழைய பூஜ்யம் ஏறக்குறைய மைனஸ் 19 செல்சியஸ். உருகும் பனிக்கட்டி எல்லாவற்றிலும் பதின்மூன்றரையைக் காட்டியது. அந்தக் கண்ணாடிக் கலைஞர்களின் கை அவ்வளவு சுத்தம்! சாவி கிடைத்துவிட்டது, பூட்டு திறந்துவிட்டது. துறவிகள் பதினாறு வருடம் எழுதிய எண்கள் ஒரே நாளில் பேச ஆரம்பித்தன. லிப்ரி அவற்றைத் தன் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டு, ஃபுளோரன்ஸின் தட்பவெப்பம் மாறவில்லை என்று முடிவுக்கு வந்தார்.

இதே லிப்ரி பின்னாளில் பிரெஞ்சு நூலகங்களிலிருந்து அரிய புத்தகங்களைத் திருடியதாக 1850-இல் தண்டிக்கப்பட்டார் என்பது தனிக் கதை. பழைய எண்களை மீட்டுத் தந்த கையே பழைய ஏடுகளைக் களவாடவும் செய்தது.

லிப்ரி கேட்ட கேள்வி மட்டும் பழசாகவில்லை. பூமி சூடாகிறதா, எவ்வளவு? 2011 முதல் 2020 வரையான பத்தாண்டின் சராசரி, 1850-1900 காலத்தைவிட ஏறக்குறைய 1.1 டிகிரி செல்சியஸ் அதிகம் என்கிறது ஐ.நா.வின் பருவநிலைக் குழு. இந்த 1.1 எவ்வளவு சின்ன எண் என்று யோசித்துப் பாருங்கள். வுண்டர்லிக்கின் வெப்பமானியில் இருந்த பிழை இதைவிடப் பெரியது. பாதரசத்துக்கும் ஆல்கஹாலுக்கும் இடையிலிருந்த சண்டை இதைப் போல ஐந்து மடங்கு. பழைய கருவிகளைச் சரியாக ஒப்பிடாமல் எண்களை மட்டும் சூத்திரத்தில் போட்டு மாற்றியிருந்தால், அந்த 1.1 பிழைக்குள் மூழ்கிப் போயிருக்கும். இல்லாத சூடு இருப்பதாகவும் தெரியலாம், இருக்கும் சூடு தெரியாமலும் போகலாம்.

அதனால்தான் சிலர் வாழ்நாள் முழுக்க இந்த வேலையைச் செய்தார்கள். இங்கிலாந்தில் கார்டன் மான்லி 1659 வரை பின்னோக்கிப் போய் மாதவாரியாக மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலையைத் தொகுத்து, 1974-இல் முடித்துக் கொடுத்தார். அந்தக் கருவி எந்த அறையில் இருந்தது, எந்தத் திசைச் சுவரில் தொங்கியது, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், எந்த அளவுகோல் என்று ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறார். உப்சாலாவில் 1722-இலிருந்து தொடரும் பதிவுகளில் செல்சியஸ் எடுத்த அளவுகளும் இருக்கின்றன. மெதிசி கோமகனின் ஏடுகளை இந்த நூற்றாண்டிலும் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி எடுத்துத் திருத்தியிருக்கிறார்கள்.

சென்னைக்கும் இந்தச் சங்கிலியில் இடமுண்டு. 1776 முதல் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க் வானிலை நாட்குறிப்பு எழுதினார். பின்னாளில் தாவரவியலாளராகப் புகழ்பெற்ற அதே ராக்ஸ்பர்க்தான். அவருடைய குறிப்பு ராயல் சொசைட்டியின் இதழில் அச்சானது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் வந்தது. அந்த வளாகம் இருந்த இடத்தில்தான் இன்றைய சென்னை வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. நாடு மெட்ரிக் முறைக்கு மாறியபோது மையத்தின் அறிக்கைகள் செல்சியஸுக்குப் போயின. தலைப்புப் போடுபவர்கள் மட்டும் சதத்தை விடவில்லை!

விட வேண்டியதுமில்லை. 100 ஃபாரன்ஹீட் என்றாலும் 37.8 செல்சியஸ் என்றாலும் வேலூர்க்காரருக்கு வேர்ப்பது ஒன்றுதான். ஆனால் இன்றைய வேலூர் வெயிலை அறுபது வருடத்துக்கு முந்தைய வேலூர் வெயிலோடு ஒப்பிட வேண்டும் என்று யாராவது வந்தால், அவருக்கு எண் மட்டும் போதாது. எந்தக் கருவி, எந்த அளவுகோல், எந்த நிழலில், எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். ஃபுளோரன்ஸ் துறவிகளின் ஏட்டுக்கு ஒரு பெட்டி அகப்பட்டது. எல்லா ஏட்டுக்கும் அகப்படாது.